மகனை ஏற்றி அனுப்பிய நடை

போன மாதம், தோணி முதலாளிகளான உங்களில் ஒருவர் கடற்கரையில் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவர். முதல் தோணியை வாங்கி அதைவிடக் குறைந்த காலம்தான் ஆகிறது.

"அண்ணாச்சி, பொழுது அடைஞ்சா வீட்டுக்குப் போனோம், சாப்பிட்டோம், படுத்தோம்னு சாதாரணமா ஒரு வாழ்க்கை நம்ம தொழில்ல எப்ப அமையும்?" என்றார்.

"தோணிய வித்த அன்னைக்கு" என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு நடையைக் கட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரித்தது தப்பு என்று பட்டது. அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. அதே கேள்வியை நானும் பன்னிரண்டு வருஷம் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தவன். அதற்கு நான் வைத்திருந்த பதில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உங்களிடம் மறைத்துவிட்டுச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் நாசரேத்துப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்தவன். முப்பது வயதுக்கு மேல் அந்த வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்தேன். ஒரு பழைய தோணியை வாங்கிக் கொழும்புக்கு வெங்காயம், கருப்பட்டி, கருவாடு, ஓடு என்று ஏற்றினேன். ஒன்று மூன்றானது. எனக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. இந்த வயதில் யாரும் தொழிலை விடுவதில்லை. நான் விட்டு நாலு வருஷமாகிறது.

தொழிலுக்கு வந்த நாளில் நான் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். கடற்கரை கடற்கரையோடு, வீடு வீட்டோடு. இரவு எட்டு மணிக்கு எங்கிருந்தாலும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது, அதன் பிறகு குடும்ப ஜெபம். சாப்பாட்டு நேரத்தில் தோணி, சரக்கு என்ற பேச்சே கிடையாது. மற்ற முதலாளிமார் வீட்டுப் பெண்கள் என் மனைவி கிரேஸிடம், உங்கள் வீடு வாத்தியார் வீடு மாதிரியே இருக்கிறது என்று சொல்வார்களாம். அதில் எனக்குப் பெருமை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜன்னல் கதவு படபடவென்று அடித்தது. நான் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் சாப்பிட ஆரம்பித்தேன். என் பெண்ணுக்கு அப்போது பத்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்துக் கதை எதையோ சொல்லிக்கொண்டிருந்த அண்ணனை முழங்கையால் இடித்து, "அப்பாவுக்குக் காத்து மாறிட்டு. சும்மா இரு" என்று மெதுவாகச் சொன்னாள். அவனும் உடனே வாயை மூடிக்கொண்டான். கிரேஸ் குழம்பை எடுத்து ஊற்றினாள்.

அதைக் கேட்டும் நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் தொழிலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதாக நினைத்திருந்தேன். அவர்களோ தோணியை ஓட்டுகிற தண்டல் கரையில் நின்று வானத்தைப் பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள். நான் சாதாரண வாழ்க்கை என்று பெருமைப்பட்டதை அவர்கள் மூன்று பேரும் தினமும் எட்டு மணிக்கு எனக்காகத் தயார் செய்து வைத்தார்கள். எனக்கு அது தானாக நடப்பது போலத் தெரிந்தது.

அது போதாது என்று இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. உங்களுக்கும் இருக்கும். இந்த ஒரு நடை போய் வரட்டும், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது. நடை என்பது நமக்குக் கொழும்புக்கு ஒருமுறை போய் வருவது. எனக்கு அது நாளை எண்ணும் கணக்காகிப் போனது. கிரேஸின் கண் வைத்தியம் இரண்டு நடை தள்ளிப் போனது. அவள் தகப்பனார் சாகக் கிடந்தபோது, இந்த நடை போய் வந்ததும் போவோம் என்றேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

இனி அந்த நடையைச் சொல்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ரயில் பெட்டிகள் ராணுவத்துக்குப் போய்விட்டன. நீராவிக் கப்பல்கள் எப்போது வரும், எப்போது வராது என்று யாருக்கும் தெரியாது. கொழும்பில் சாப்பாட்டுச் சாமான் எது போனாலும் வாங்கக் காத்திருந்தார்கள். டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. என் பெரிய தோணிக்கு வெங்காயம் ஏற்றியாகிவிட்டது. ஏற்றிய மறுநாள் துறைமுக ஆபீஸில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. ஐந்து நாள் இறங்கவில்லை. மழை ஈரத்தில் வெங்காயம் முளைவிடத் தொடங்கி, கிட்டே போனால் அழுகல் வாடை அடித்தது. ஆறாம் நாள் காலையில் கூண்டை இறக்கினார்கள்.

நான் ஓட்டமும் நடையுமாகக் கடற்கரைக்குப் போனேன். தோணியின் தலைவரான தண்டல் மிக்கேல், ஆட்களோடு மணலில் குந்தியிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் முதல் தோணியிலிருந்து என்னோடு இருந்தவர்.

"என்ன தண்டல், கூண்டை எறக்கிட்டானே. கெளம்பலையா?" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "கூண்டை எறக்கினது ஆபீஸ்காரன், மொதலாளி. கடல் இன்னும் எறக்கலியே" என்றார். தெற்கேயிருந்து வருகிற அலையைக் கையால் காட்டினார். காற்று இல்லாத நேரத்தில் அப்படி அலை வரக்கூடாது, எங்கோ ஒரு புயல் கிடக்கிறது, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

வேறு ஒரு முதலாளியின் தோணி அந்த நேரம் பாய் விரித்துக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். "அவுக போறாக. நமக்கு என்னத்துக்கு?" என்றார். இரண்டு நாளில் வெங்காயத்தைக் கடலில்தான் கொட்ட வேண்டும் என்றேன். ஆட்கள் எட்டுப் பேரும் என்னைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் கரையில் ஒரு வழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். தண்டல் தயங்கி, முதலாளிக்குப் போயே ஆகவேண்டும் என்றால், முதலாளி தன் வீட்டு ஆள் ஒருவரைத் தோணியில் ஏற்றுவார். தம்பியோ, மகனோ, மருமகனோ. ஏற்றிவிட்டால் தண்டல் அதற்கு மேல் பேசமாட்டார். பேசினால், நீ உன் பிள்ளையைச் சாகக் கொடுக்கிறாய் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். எனக்குத் தொழில் பழக்கிய பெரிய வியாபாரி ஒருவர் தன் தம்பியை நாலு தடவை அப்படி அனுப்பியதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நம் உயிரையும் அவர்கள் உயிரோடு சேர்த்து வைக்கிறோம், அதுதான் முதலாளிக்கு அழகு என்பார். எனக்கும் அது நியாயமாகவே தோன்றியிருந்தது. ஆனால் அதுவரை நான் அதைச் செய்ததில்லை. எட்டு மணிச் சாப்பாட்டுக்காரன் அல்லவா.

அன்றைக்குச் செய்தேன். "ஒங்ககூட எம் மவன் வாரான்" என்றேன்.

தண்டல் தலைத்துண்டை அவிழ்த்து உதறித் திரும்பக் கட்டிக்கொண்டார். "அப்பம் சரி" என்றார். ஆட்கள் எழுந்து தண்ணீர்ப் பீப்பாயை உருட்டத் தொடங்கினார்கள்.

மகன் தேவராஜுக்கு அப்போது பத்தொன்பது வயது. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன், விடுமுறைக்கு வந்திருந்தான். கொழும்பைப் பார்க்க வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சொன்னதும் குதித்துக்கொண்டு கிளம்பினான். கிரேஸ் அவனுக்குத் துணி எடுத்து வைத்தாள். வைத்துக்கொண்டே, "தண்டல் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் தொழிலைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். என்னைவிட மிக்கேலின் பேச்சில் அவளுக்கு நம்பிக்கை அதிகம். அது தெரிந்துதான் நான் சொன்னேன்: "தண்டல்தான் போவலாம்னாரு." அதோடு விடவில்லை. "இந்த நடை முடிஞ்சதும் கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் நாசரேத்துக்குப் போவோம். பத்து நாள் தங்கிட்டு வருவோம்" என்றேன். அவள் அவனுடைய பெட்டியை மூடினாள்.

கரையில் வைத்து மகனிடம் ஒன்றுதான் சொல்லி அனுப்பினேன். கொழும்பில் எனக்குத் தந்தி அடிக்காமல் சரக்கை யாரிடமும் ஒப்படைக்காதே என்றேன். "சரக்கு விஷயத்துல என்னைக் கேக்காம ஒண்ணும் செய்யப்படாது" என்பதுதான் நான் சொன்ன வார்த்தை. சரி என்று தலையாட்டினான்.

இப்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முதலாளி தன் மகனையே அனுப்புகிறார் என்றால் கடலைப் பற்றி ஏதோ நல்ல சேதி தெரிந்துதான் அனுப்புகிறார் என்று ஆட்கள் நம்பினார்கள். தண்டல் சொல்லிவிட்டார் என்று கிரேஸ் நம்பினாள். அப்பாவுக்குத் தெரியாததா என்று மகன் நம்பினான். நானோ, மிக்கேல் ஏறிவிட்டார், அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன். கடலைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் வாயைத்தான் நான் அடைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் காற்று எழுந்தது. அதன் பிறகு மழை. எங்களுக்கு முன்னால் பாய் விரித்த அந்தத் தோணி அதற்கு முன்பே, காலையில் திரும்பி வந்திருந்தது. மணப்பாட்டைத் தாண்டியதும் கடலின் போக்குச் சரியில்லை என்று அவர்கள் தண்டல் திருப்பிவிட்டாராம். எங்கள் தோணியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். தூரத்தில் போய்க்கொண்டிருந்தது, திரும்பவில்லை என்றார்கள்.

நாலு நாள் தகவல் இல்லை. அந்த நாலு நாளைப் பற்றி எழுத முயன்று அடித்துவிட்டேன். கிரேஸ் எட்டு மணிக்கு இலை போட்டாள் என்பதை மட்டும் சொல்கிறேன். அவள் உட்காரவில்லை.

ஐந்தாம் நாள் மணப்பாட்டிலிருந்து ஆள் வந்தது. பாய்மரம் இல்லாத தோணி ஒன்றை அந்த ஊர் மீன்பிடி வள்ளக்காரர்கள் கரைக்கு இழுத்து வந்திருக்கிறார்கள், ஆள்களில் ஒருவர் குறைகிறார் என்றான். யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அங்கே போய்ச் சேரும்வரை நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குறைந்த ஆள் வேறொருவனாக இருக்க வேண்டும் என்று வேண்டினேன். அப்படியே ஆனது.

மகன் மணலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கையும் கயிறு அறுத்துக் கிழிந்திருந்தன. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. தண்டல்தான் வந்தார். போனது பிச்சைமுத்து என்றார். புன்னைக்காயல்காரர். நாற்பது வயது. பாயை அவர்தான் கவனிப்பார்.

நடந்ததை மிக்கேல் நின்றுகொண்டே சொன்னார். காற்று எழுந்த நேரத்திலேயே தோணி பாரத்தில் அமுங்கத் தொடங்கியிருக்கிறது. சரக்கைக் கடலில் தள்ளிவிட வேண்டிய நேரம் அது. எந்தத் தண்டலுக்கும் அது தெரியும். யாரையும் கேட்காமல் தள்ளுவார்கள். கரையில் வந்து சொன்னால் முதலாளி ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

"தம்பி இல்லாட்டி அப்பமே தள்ளியிருப்பேன், மொதலாளி" என்றார். "ஒங்க புள்ள உள்ள இருக்கும்போது நா எப்படித் தள்ளுவேன்? மொதல்லயே வரமாட்டேன்னு நின்னவன், இப்பம் பயந்துபோயி சரக்கைக் கொட்டிட்டான்னு ஆயிரும்லா. தம்பி வாயால ஒரு வார்த்தை வரட்டும்னு இருந்துட்டேன். அது எங் குத்தம்."

அவரும் வாய் திறந்து கேட்கவில்லை. பிச்சைமுத்துதான் பொறுக்க முடியாமல் மகனிடம் வந்து, "தம்பி, தள்ளட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"தம்பி என்ன சொன்னான்?" என்றேன்.

தண்டல் சொல்லத் தயங்கியதை மகன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்.

"அப்பாட்ட கேக்கணும்னு சொன்னேன்."

நடுக்கடலில் அந்தக் காற்றில் அதைச் சொல்லியிருக்கிறான். ஒரு பெரிய அலை புரண்டதில் தோணி சாய்ந்து பாய்மரம் முறிந்திருக்கிறது. முறிந்த மரம் பிச்சைமுத்துவையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு எல்லாச் சரக்கையும் தள்ளினார்கள். தோணி மிதந்தது. முன்னாலேயே தள்ளியிருந்தாலும் மிதந்திருக்கும்.

புன்னைக்காயலுக்கு நானும் மகனும் தண்டலும் போனோம். உடல் கிடைக்கவில்லை. கத்தோலிக்கக் கோயிலில் அவருக்காகப் பூசை வைத்திருந்தார்கள். நானும் மகனும் வேறு சபைக்காரர்கள், வாசல் ஓரமாக நின்றோம். பூசை முடிந்ததும் பிச்சைமுத்துவின் மனைவி எங்களிடம் வந்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்காக மனதைத் தயார் செய்துகொண்டும் வந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் மகனின் கட்டுப் போட்ட கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒன்னைய அவிய நல்லாப் பாத்துக்கிட்டாவளா?" என்று புருஷனைக் குறித்துக் கேட்டாள்.

அவன் தலையாட்டினான். அவள் போய்விட்டாள். அந்த வீட்டுக்கு என்னால் முடிந்ததை அன்றிலிருந்து செய்து வருகிறேன். அது பேச வேண்டிய விஷயம் அல்ல.

அன்று வீட்டுக்கு வந்ததும் கிரேஸ் கேட்டாள்: "தண்டல் போவலாம்னா சொன்னாரு?"

"இல்ல" என்றேன்.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் பேசியதுமில்லை. தை மாதத்துக்குள் மூன்று தோணியையும் விற்றுவிட்டேன். இப்போது உப்புக் கம்பெனி ஒன்றில் எழுத்து வேலை பார்க்கிறேன். ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன். எட்டு மணிக்குச் சாப்பாடு. ஜன்னல் அடித்தால் எழுந்து போய்க் கொக்கியைப் போட்டுவிட்டு வந்து உட்காருவேன். என்னைக் கேள்வி கேட்ட தம்பி ஆசைப்பட்ட வாழ்க்கை அப்படியே என்னிடம் இருக்கிறது. என்னோடு உட்கார்ந்து சாப்பிடும் மூன்று பேரும் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்கள்.

தேவராஜ் கல்லூரிக்குத் திரும்பிப் போகவில்லை. ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். கெட்டிக்காரன் என்று முதலாளி சொல்கிறார். ஆனால் அவனை எதையாவது முடிவு செய்யச் சொன்னால் போதும், பேச்சு நின்றுவிடும். போன தீபாவளிக்குக் கடையில் எல்லாருக்கும் வேட்டி எடுத்துக் கொடுத்தார்களாம். எந்தக் கரை வேண்டும் என்று கேட்டதற்கு வெளியே போய் நின்றுவிட்டானாம். இருபத்து மூன்று வயது. பெண் பார்க்கலாம் என்கிறாள் கிரேஸ். அவனிடம் யார் கேட்பது என்று இருவரும் இருக்கிறோம்.

ஆகையால், தம்பிமாரே, சாதாரண வாழ்க்கை எப்போது வரும் என்று என்னிடம் கேட்காதீர்கள். அது அடுத்த நடைக்குப் பிறகு எங்கோ கரையில் நம்மை எதிர்பார்த்து நிற்கிறது என்ற எண்ணத்தில்தான் நான் ஒவ்வொரு நடைக்கும் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்து வைத்தேன். கடைசியில் பிள்ளையை எடுத்து வைத்தேன். சொந்தத் தொழில் செய்கிறவன் வீட்டில் தொழில் இல்லாத மூலை கிடையாது. அதை ஒப்புக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களிடம் உள்ளதைச் சொல்லியிருந்தால், கிரேஸ் அன்றைக்குப் பெட்டியை மூடியிருக்க மாட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருக்கும். என் பொய்யில் பறிபோனது அதுதான்.

வீட்டு ஆளை ஏற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். முதலாளி தன் உயிரைப் பணயம் வைப்பது போல வெளியே தெரியும். உண்மையில் ஒன்பது பேரின் வாயைக் கட்டுகிற கயிறு அது. உங்கள் பிள்ளைகள் கடலுக்குப் போக ஆசைப்பட்டால் போகட்டும். ஆனால் கரையில் எல்லாரும் கேட்க, பிள்ளையும் கேட்க, சரக்கைத் தள்ளுவதும் வைப்பதும் தண்டல் பாடு என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டு ஏற்றுங்கள். ஒரு நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை.

இதை எழுதி முடித்ததும் தேவராஜுக்கு வாசித்துக் காட்டினேன். அவனைப் பற்றி எழுதியிருப்பதால் அவன் சம்மதம் வேண்டும் என்று நினைத்தேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடுவதாகவும் சொன்னேன். சுவரில் சாய்ந்தபடி முழுவதும் கேட்டான். வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு இடம் தப்பாக இருக்கிறது என்றான். எந்த இடம் என்று கேட்டேன்.

"பிச்சைமுத்து மாமா ஒரு தடவ கேட்ட மாதிரி எழுதியிருக்கிய" என்றான். "ரெண்டு தடவ கேட்டாவ."